பாய்க் கடை சர்வருக்கு எந்த வெப்மெயில்?

கேள்வி: பத்தமடைப் பாய் விற்கிறோம். பாளையங்கோட்டை அலுவலகமும் பத்தமடை நெசவுக்கூடமும் சேர்த்து 8 பேர். 2 ஜிபி ராம் உள்ள வாடகை சர்வரில் டெபியன் லினக்ஸ், எஞ்சின்எக்ஸ் (வெப் சர்வர்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை அனுப்பிப் பெறுவது), டவ்காட் (மெயிலை வைத்திருந்து காட்டுவது) ஓடுகின்றன. மெயில் ஒழுங்காகப் போய் வருகிறது. பிரவுசரில் மெயில் பார்க்க எதைப் போடலாம்?

பதில்: ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருள். அதையும் அதன் தளத்திலிருந்து ஜிப் இறக்கிப் போடாமல், டெபியன் பாக்கேஜாகவே போடுங்கள்.

வெப்மெயில் என்பது இணையத்துக்குத் திறந்துவைத்த கதவு. தோற்றத்தைவிட, ஓட்டை விழுந்தால் யார் அடைப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வி. 2025 ஜூனில் ரவுண்ட்கியூபிலேயே மோசமான ஓட்டை ஒன்று வெளியானது. ஒரே ஒருவரின் பாஸ்வேர்டு கிடைத்தால் போதும், உள்ளே வந்தவர் சர்வரிலேயே கட்டளை ஓட்டலாம். 1.6.11 பதிப்பில் அதை அடைத்தார்கள். டெபியன் பாக்கேஜ் வைத்திருந்தவர்களுக்குத் திருத்தம் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டோடு வந்தது. ஜிப் இறக்கிப் போட்டவர்கள் கையால்தான் மாற்ற வேண்டியிருந்தது. டெபியன் பழைய பதிப்பு எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தைச் சேர்க்கும் என்பதால் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

மற்ற வெப்மெயில்களில், ஸ்குவிரல்மெயிலின் கடைசி நிலைப் பதிப்பு 2011-இல் வந்தது, அது கணக்கிலேயே வராது. ரெயின்லூப்பைப் பராமரிப்பவர் இல்லை. அதிலிருந்து பிரிந்த ஸ்னாப்பிமெயில் இலகுவானது, வேகமானது. ஆனால் அதன் டேட்டா அடைவை வெப் ரூட்டுக்கு (எஞ்சின்எக்ஸ் வெளியுலகுக்குக் காட்டும் அடைவு) வெளியே நகர்த்துவதும், புதுப் பதிப்பு வந்ததா என்று கவனிப்பதும் உங்கள் தலையில். அதற்கென்று ஆள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

டேட்டாபேஸாக 8 பேருக்கு மரியாடிபி வேண்டாம். ஒரே கோப்பில் இயங்கும் எஸ்க்யூலைட் போதும், ராமும் மிச்சம். எஞ்சின்எக்ஸ் அமைப்பை நீங்களே எழுத வேண்டும். ரூட்டாக ரவுண்ட்கியூபின் மேல் அடைவைக் காட்டாமல், உள்ளே இருக்கும் பப்ளிக்-ஹெச்டிஎம்எல் அடைவைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அமைப்புக் கோப்புகளும் பதிவுகளும் வெளியே எட்டிப் பார்க்கும்.

ரவுண்ட்கியூபில் ஐமேப் (மெயிலைப் படிக்கும் வழி) முகவரி லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே சர்வர்; போர்ட் 143. மெயில் அனுப்பும் போர்ட் 587-இல்தான் பலருக்கும் தகராறு. போஸ்ட்ஃபிக்ஸில் அந்த போர்ட்டுக்கான வரி கமெண்ட்டாகவே (இயங்காதபடி) வரும், முதலில் அதைத் திறக்க வேண்டும். அங்கே டிஎல்எஸ் குறியாக்கம் கட்டாயம் என்று இருந்தால் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுப்பது சரிப்படாது. சான்றிதழில் அந்தப் பெயர் இல்லையே. டிஎல்எஸ் முன்னொட்டோடு சான்றிதழில் உள்ள மெயில் டொமைன் பெயரையே கொடுங்கள்.

உங்கள் தொழிலுக்கு முக்கியம் இணைப்பு அளவு. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்ய, வாடிக்கையாளர் எழுத்து மாதிரியை நாலைந்து போன் படங்களாக அனுப்புவார். நெய்த பாயைப் படமெடுத்து நீங்களும் திருப்பி அனுப்புவீர்கள். வழியில் நாலு சுங்கச்சாவடிகள். மாற்றாமல் விட்டால் எஞ்சின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் விடாது, 413 (அளவு மீறியது) பிழை காட்டும். ரவுண்ட்கியூபை ஓட்டும் பிஹெச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் பதிவேற்றத்துக்கு 8 எம்பி என்று நிறுத்தும். போஸ்ட்ஃபிக்ஸின் எல்லை 1,02,40,000 பைட். மெயிலில் ஏறும் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக ஊதும் என்பதால் அதில் உண்மையில் அடங்குவது சுமார் 7.5 எம்பி. 20 எம்பி போக வேண்டுமானால் எஞ்சின்எக்ஸ் 25, பிஹெச்பி கோப்புக்கு 20, மொத்தத்துக்கு 25, போஸ்ட்ஃபிக்ஸுக்கு 30 எம்பி என்று வையுங்கள். பிஹெச்பிக்கு இரண்டு ஐஎன்ஐ (அமைப்பு) கோப்புகள் உண்டு: வெப் பக்கங்களுக்கான எஃப்பிஎம் அடைவில் இருப்பதைத் திருத்தி எஃப்பிஎம்-ஐ ரீஸ்டார்ட் செய்யுங்கள். கட்டளை வரிக்கான சிஎல்ஐ அடைவில் இருப்பதை எத்தனை முறை மாற்றினாலும் வெப்மெயிலில் ஒன்றும் நடக்காது.

தவறான பாஸ்வேர்டு அடிப்பவரைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் வைத்திருந்தால் இன்னொரு வேலை. வெப்மெயில் வழியாகத் தவறான பாஸ்வேர்டு அடிப்பவர் டவ்காட்டின் பதிவில் 127.0.0.1 (சர்வரின் சொந்த முகவரி) என்றே தெரிவார், அவரைத் தடுக்க வழியில்லை. ரவுண்ட்கியூபுக்கான வடிகட்டி ஃபெயில்டுபேனோடு வருகிறது. அதை இயக்கி, அதில் குறித்த பதிவுக் கோப்பின் பெயர் சர்வரில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ரவுண்ட்கியூபை நீக்கினாலும் வந்த மெயில்கள் அழியாது, அவை டவ்காட்டிடம் இருக்கின்றன. வாடிக்கையாளர் முகவரிப் புத்தகம்தான் எஸ்க்யூலைட் கோப்பில். தினசரி பேக்கப்பில் அந்த ஒரு கோப்பையும் சேருங்கள்.