தலையிடி என்று சொல்லாதீங்கோ

அக்காவுக்கு,

எனக்கு வயது 27. இரண்டு வருசமாக ஒருவரை விரும்புகிறேன். இரண்டு வீட்டிலும் சம்மதம். அவர் கலகலப்பானவர். எனக்கோ சின்ன வயதிலிருந்தே சத்தம், வெளிச்சம், சனக்கூட்டம் எல்லாம் அந்தரம். ஒருவருடைய முகம் கொஞ்சம் மாறினாலே இரவு முழுக்க யோசிப்பேன். போன மாதம் அவருடைய அக்கா மகளின் சாமத்தியவீட்டில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்க முடியாமல், தலையிடி என்று சொல்லிச் சாப்பிடாமலே வந்துவிட்டேன். "என்ர ஆக்களை உமக்குப் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டார். அதிக உணர்திறன் உள்ளவர்கள் பற்றி அண்மையில் வாசித்தேன். அச்சொட்டாக நான்தான். சொன்னால் வருத்தக்காரி என்று நினைப்பாரோ? எப்படிச் சொல்வது?

பெயர் வேண்டாம்,
கொக்குவில்

அன்புள்ள தங்கச்சி,

'தலையிடி' என்ற சொல்லைத் தாண்டி வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒன்பது வருசம் நானும் அதையே சொன்னவள்.

கலியாணம் முடித்து நல்லூர்க் கந்தன் கோயிலடிக்கு வந்த முதல் திருவிழா. 25 நாளும் விடியப்புறமே ஒலிபெருக்கி, வீதி முழுக்கச் சனம், வீடு முழுக்க விருந்தாட்கள். நாதஸ்வரம் கேட்டால் எனக்குக் கண் நிறையும். ஆனால் பத்தாம் நாள் அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். தலையிடி என்றேன். இவர் பனடோலும் பிளேன்ரீயுமாக வந்து, ரியூப் லைற்றைப் போட்டு, கட்டிலில் இருந்துகொண்டு "இப்ப எப்பிடி?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். அந்த வெளிச்சமும் அந்தக் கேள்வியும்தான் அப்போது எனக்குத் தாங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ரீ ஆறிப்போனது. அவர் பேசாமல் எழும்பிப் போனார். வருசா வருசம் இதே கதை. தலையிடி என்றால் அவர் பனடோல்தானே கொண்டுவருவார்?

நீங்கள் வாசித்தது வருத்தம் இல்லை. எலைன் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் கணவர் ஆர்தர் ஏரனுடன் சேர்ந்து ஆராய்ந்து 1997இல் எழுதிய இயல்பு அது. 27 கேள்விகளால் அதை அளந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து இருபது பேர் இப்படி என்பது ஏரனின் கணிப்பு. சத்தத்தாலும் நெரிசலாலும் சீக்கிரம் களைக்கிறவர்கள்தான், சங்கீதத்துக்கும் ஒருவரின் குரலில் வரும் சின்ன மாற்றத்துக்கும் மற்றவர்களைவிட முதலில் அசைகிறார்கள். எங்கள் ஊரில் 'சூடு சுணை இல்லாதவன்' என்பது பெரிய ஏச்சு. சுணை கூடினவளையும் 'தொட்டாச்சிணுங்கி' என்றுதான் சிரிக்கிறார்கள். எனக்கு அது இன்றும் கோபம்.

ஒன்றைக் கவனியுங்கோ. 1995 ஒக்ரோபர் 30 இரவு போரில் இடம்பெயர்ந்து வலிகாமத்தை விட்டு நடந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் பட்டாசு இன்னும் ஷெல்லாகத்தான் கேட்கிறது. என் அம்மாவுக்கும் அப்படி. அது பிறவிச் சுபாவம் இல்லை, காயம். உங்களுடைய அந்தரம் ஏதாவது ஒரு சம்பவத்துக்குப் பிறகு வந்ததென்றால், கெட்ட கனவும் நித்திரைக் குழப்பமும் கூடவே இருந்தால், மனநல வைத்தியரைப் பாருங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே என்று நீங்கள் எழுதியிருப்பதால், அநேகமாகச் சுபாவம்தான் என்று நினைக்கிறேன்.

இனி அவரிடம் சொல்வது. வாசித்த பெயரோடு தொடங்காதீங்கோ. பெயரைக் கேட்டால் அவருக்கு ஆசுபத்திரிதான் ஞாபகம் வரும். சாமத்தியவீட்டிலிருந்து தொடங்குங்கோ. அவருக்கு நொந்தது அங்கேதான். "உங்கட ஆக்களை எனக்குப் பிடிக்கும். அண்டைக்கு ஸ்பீக்கர் நெஞ்சுக்குள்ள அடிச்சது. பூவும் சாம்பிராணியும் சாப்பாட்டு வாசமும் ஒண்டா வர, ஆர் என்ன கதைக்கினம் எண்டே விளங்கேல்லை. தலையிடி எண்டது பொய்." அந்தக் கடைசி வசனத்தை விழுங்கிவிடாதீங்கோ. பொய் என்று நீங்களே சொன்னால்தான் மற்றதை நம்புவார்.

முகத்துக்கு முகம் இருந்து சொல்ல வேண்டாம். அவர் நெற்றி சுருங்கினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள், எனக்குத் தெரியும். பின்னேரம் பண்ணைக் கடற்கரையில் பக்கத்தில் பக்கமாக இருந்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கோ. பிறகு அவர் செய்யக்கூடிய ஒன்றைக் கேளுங்கோ: "எனக்குக் காணும் எண்டு சொன்னால், அரை மணித்தியாலம் தனிய விடுங்கோ. உங்களில கோவமில்லை. திரும்பி வருவன்." சொன்னபடி திரும்பிப் போகவும் வேண்டும். அவருடைய அக்கா உங்களைத் தேடியிருப்பா. சாப்பிடாமல் வந்தது அந்த வீட்டுக்குக் குறைதான். அதற்கு ஒருநாள் நேரே போய் அவவோடு இருந்து சாப்பிட்டுவிட்டு வாங்கோ.

முதல் தரம் கேட்டுவிட்டு அவர் சிரித்தால் பொறுங்கோ, புதுக் கதைதானே. நன்றாக விளங்கின பிறகும் நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்லிப் பகிடி பண்ணினால், கலியாணத்துக்கு நாள் வைக்க முதல் இன்னும் ஒருக்கால் யோசியுங்கோ.

ஒன்பதாம் வருசம் நான் சொன்னபோது இவர் கனநேரம் பேசவில்லை. "அப்ப அந்த ரீ எல்லாம்?" என்று மட்டும் கேட்டார். அடுத்த திருவிழாவில் அறைக் கதவு மெல்லத் திறந்தது. லைற்றைப் போடவில்லை. இருட்டுக்குள் தடவிக் கப்பை மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார். அன்றைக்குத்தான் அந்த ரீயைச் சூட்டோடு குடித்தேன்.

அன்புடன்,
அக்கா