குழலை மட்டும் மாற்றினால் குற்றமா?

கேள்வி: கோவையில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, உரிமம் தேவைப்படாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள் ஒன்றைக் கடையில் ரசீதுடன் வாங்கினேன். இப்போது அதை 5.5 மி.மீ. ரைஃபிளாக மாற்ற விரும்புகிறேன். புதிய குழல், அழுத்தம் கூடிய ஸ்பிரிங், ஓசையைக் குறைக்கும் மஃப்ளர், தோளில் தாங்கிப் பிடிக்கும் தேக்குக் கட்டை, தொலைநோக்கி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். குழலை ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் முன்பணம் கட்டி ஆர்டர் செய்திருக்கிறேன். அது வராவிட்டால் என் லேத்திலேயே கடைந்துகொள்வேன். "முழுத் துப்பாக்கிக்குத்தான் சட்டம், உதிரிபாகத்துக்குக் கிடையாது" என்கிறார் எனக்குத் தெரிந்த விற்பனையாளர். சந்தேகமாக இருந்தால் குழலை நண்பர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். பொள்ளாச்சி பக்கம் ஆனைமலை அடிவாரத்தில் என் மாமாவின் மக்காச்சோளத்தைப் பன்றியும் மயிலும் அழிக்கின்றன. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எந்தெந்தப் பாகத்தை உரிமம் இல்லாமல் வாங்கலாம்?

பதில்: முதலில் அந்த வெளிநாட்டு ஆர்டரை ரத்து செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். குழல் இந்தியாவுக்குள் வந்து சேர்வதற்கு முன்பு உங்கள் நிலைமை வேறு, வந்த பிறகு வேறு. ரத்து செய்வதை எழுத்தில் செய்யுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

உங்கள் விற்பனையாளர் சொன்னது தவறு. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை நீங்கள் உணர வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 2ஆவது பிரிவில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்கிறது. அந்தப் பொருளுக்குள் ஆயுதத்தின் பாகங்களும் ஆயுதம் செய்யப் பயன்படும் இயந்திரங்களும் அடங்கும். பாகம் வேறு, துப்பாக்கி வேறு என்ற பிரிவினை விற்பனையாளர் மனத்தில் இருக்கலாம். சட்டத்தின் முதல் பக்கத்திலேயே அது இல்லை.

ஏர் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாதே, அது எப்படித் துப்பாக்கியாகும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெடிபொருளின் விசையாலோ 'பிற வகை ஆற்றலாலோ' எறிபொருளைச் செலுத்தும்படி அமைக்கப்பட்ட எதுவும் துப்பாக்கிதான் என்று அதே பிரிவு கூறுகிறது. அழுத்தப்பட்ட காற்றும் ஆற்றல்தான். ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது சட்டத்துக்கு வெளியே நிற்கும் பொருள் அல்ல. சட்டத்துக்குள் இருந்துகொண்டு, விலக்கு பெற்றிருக்கும் பொருள். இந்த வேறுபாட்டில்தான் உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இருக்கிறது.

அந்த விலக்குக்கு இரண்டு வரம்புகள் உண்டு. குழலின் உள்விட்டம் 4.5 மி.மீட்டரை, அதாவது 0.177 அங்குலத்தை, தாண்டக் கூடாது. குழல் முனையில் ரவையின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் வேண்டும். நீங்கள் பொருத்த நினைப்பது 5.5 மி.மீ. குழல். ஸ்பிரிங்கை மாற்றாமல், ஆற்றலைக் கூட்டாமல் குழலை மட்டும் மாற்றினாலும் முதல் வரம்பு உடைந்துவிடுகிறது. ரசீதோடு நீங்கள் வாங்கிய ரைஃபிள் அந்த நொடியில் உரிமம் இல்லாத துப்பாக்கியாகிவிடும். ரசீது உங்களைக் காப்பாற்றாது. அதில் எழுதியிருப்பது வேறொரு பொருள்.

ஸ்பிரிங் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். 4.5 மி.மீ. குழலையே வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை மட்டும் கடினமாக்கினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். கைப்பற்றப்படும் துப்பாக்கி தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே சுட்டுப் பார்த்து அளப்பார்கள். தயாரிப்பாளர் பெட்டியில் அச்சிட்ட எண்ணைக் கொண்டு அல்ல, அந்த அறிக்கையில் வரும் எண்ணைக் கொண்டுதான் வழக்கு நடக்கும்.

இனி உங்கள் லேத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது ஒரு குற்றம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும், மாற்றுவதும், பழுது பார்ப்பதும் அதைவிடப் பெரிய குற்றம். சட்டத்தின் 5ஆவது பிரிவு உற்பத்தி, விற்பனை ஆகியவற்றோடு மாற்றுதல், பழுது நீக்குதல், சோதித்தல் ஆகியவற்றையும் உரிமத்துக்குக் கீழே கொண்டுவருகிறது. 6ஆவது பிரிவு முன்பு குழலைக் குட்டையாக்குவதையும் போலித் துப்பாக்கியை உண்மைத் துப்பாக்கியாக்குவதையும் தடுத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் மேலும் ஒன்றைச் சேர்த்தது: 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் சொல்லப்பட்ட ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் உரிமமின்றிச் செய்யக் கூடாது. உங்கள் திட்டத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

தண்டனையையும் அதே திருத்தம் மாற்றியது. உரிமம் இன்றி வைத்திருந்ததற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. 5, 6ஆவது பிரிவுகளை மீறிச் செய்ததற்கும் மாற்றியதற்கும் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. முன்பு இது 3 முதல் 7 ஆண்டாக இருந்தது. பழைய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றும் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வைத்திருந்த குற்றத்துக்கு, அதாவது 3ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடர, மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்று 39ஆவது பிரிவு சொல்கிறது. பல வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு அதுதான். மாற்றிய குற்றத்துக்கு அந்த வாசல் கிடையாது.

நண்பர் வீட்டில் வைக்கும் யோசனை எங்கிருந்து பிறந்தது என்று எனக்குத் தெரியும். 45ஆவது பிரிவின் (ஈ) உட்பிரிவை யாரோ பாதி படித்திருக்கிறார்கள். ஆயுதத்தின் சிறு பாகங்களை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் சட்டம் பொருந்தாது என்று அந்த உட்பிரிவு தொடங்குகிறது. ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. பாகத்தை வாங்கியவரோ 'வேறு எவருமோ' வைத்திருக்கும் துணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதபோதுதான் விலக்கு என்று அது தொடர்கிறது. குழலை ஒரு வீட்டிலும் மீதியை இன்னொரு வீட்டிலும் பிரித்து வைக்கும் வழியை 1959இலேயே யோசித்து அடைத்துவிட்டார்கள். தவிர, இந்த விலக்கு 'சிறு பாகங்களுக்கு' உரியது. ஒரு திருகாணியைச் சிறு பாகம் என்று நான் நீதிமன்றத்தில் வாதாடுவேன். குழலை அப்படிச் சொல்ல எனக்கு நா எழாது.

நண்பர் வீட்டில் இருப்பதால் அது உங்கள் வசம் இல்லை என்றும் ஆகாது. குன்வந்த்லால் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்திவிட்டது. பொருள் ஒருவர் கையில் இருக்க வேண்டியதில்லை. அது இருப்பதை அறிந்து, அதன் மீது அதிகாரமும் கட்டுப்பாடும் அவருக்கு இருந்தால் அது அவர் வசம் இருப்பதாகவே கொள்ளப்படும். நீங்கள் பிரித்து வைத்தால் விளையும் ஒரே பலன், உங்கள் நண்பரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்வதுதான். அவர் எதற்காக இதைச் சுமக்க வேண்டும்?

வெளிநாட்டு ஆர்டர் பற்றி முதலிலேயே சொன்னதன் காரணம் 10ஆவது பிரிவு. கடல், தரை, வான் எந்த வழியாகவும் ஆயுதத்தை உரிமமின்றி நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. பாகமும் ஆயுதம் என்பதை மறக்க வேண்டாம். இயந்திர உதிரிபாகம் என்று மேலே எழுதி அனுப்புவதாக அந்தக் கடை சொன்னால் அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அப்போது பொய் அறிவிப்பு என்ற சுங்கக் குற்றமும் சேரும்.

மஃப்ளரை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். சுடும் ஓசையையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவிகள், விதிகளின் முதல் அட்டவணையில் தடை செய்யப்பட்ட ஆயுதங்களான தானியங்கித் துப்பாக்கிகள் வரும் முதல் வகையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு. ஏர் ரைஃபிளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம்தான். அந்த வாதத்தை ஜாமீன் மனுவில் தொடங்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

தேக்குக் கட்டையும் தொலைநோக்கியும் உள்விட்டத்தையும் மாற்றுவதில்லை, ஆற்றலையும் கூட்டுவதில்லை. என் கருத்தில் அவற்றை நீங்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். உள்நாட்டிலேயே வாங்குங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைத்திறனுக்கு அந்தத் தேக்குக் கட்டை போதாதா? இழைத்துச் செதுக்கிப் பொருத்துவதிலேயே ஒரு மாத மகிழ்ச்சி இருக்கிறது. 4.5 மி.மீ. என்பதைக் குறைவாகவும் எண்ண வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியே அந்த அளவில்தான் நடக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் நாட்டுக்காகச் சுட்டது அதே அளவு ரவையைத்தான். குறி பார்ப்பதில் ஆர்வம் இருந்தால் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் உறுப்பினராகுங்கள்.

ஆனால் உங்கள் நோக்கம் விளையாட்டு அல்ல, மாமாவின் மக்காச்சோளம். அந்த வேதனை எனக்குப் புரிகிறது. ஒரே இரவில் பன்றிக் கூட்டம் உழுதுபோட்ட வயலின் கரையில் விவசாயி உட்கார்ந்திருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். இருந்தும் சொல்கிறேன், இந்த ரைஃபிள் அதற்கு விடை அல்ல. மயில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, காயப்படுத்துவதும் அதற்கான முயற்சியும் அடங்கும். குறி தவறினாலும் குற்றம் தவறாது. காட்டுப்பன்றி 2ஆவது அட்டவணையில் வருகிறது. பயிருக்கு ஆபத்தான அத்தகைய விலங்கைப் பற்றி 11ஆவது பிரிவின் கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்துமூலம் ஆணையிடலாம். அந்த ஆணை இல்லாமல் விவசாயி தன் வயலில் நின்று சுட்டாலும் அது வேட்டைதான். காயம்பட்ட பன்றி விடிவதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் யாரைத் தாக்கும் என்பதும் நமக்குத் தெரியாது.

மாமா செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, சேதம் நடந்த உடனேயே வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனு கொடுப்பது. சேதத்தைத் தேதியுடன் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் பரப்பளவுக்குச் சான்று பெற்று இணைக்க வேண்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பக் கூடாது. தாமதமாகக் கொடுத்த மனுக்கள்தான் அதிகம் தள்ளுபடியாகின்றன. பன்றியைக் கட்டுப்படுத்த வனத்துறையே நடவடிக்கை எடுக்கக் கோரும் மனுவையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

இரண்டாவது, பலருக்குத் தெரியாத வழி. பயிர்ப் பாதுகாப்புக்கென்று உண்மையான தேவையோடு குழல் முனை வழியாக வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்பவருக்கு உரிமம் வழங்க வேண்டும் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவு வகை செய்கிறது. பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட மென்குழல் (உட்புறத்தில் வரிப்பள்ளம் இல்லாத குழல்) துப்பாக்கிக்கும் இதே இடத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பத்தை நிலத்தின் உரிமையாளரான மாமாதான் கொடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பித்தால் காவல்துறை விசாரணை நடக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று 18ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். காட்டுக்கு அருகில் இருப்பதால் எளிதில் கிடைத்துவிடும் என்று நான் நம்பிக்கை ஊட்ட மாட்டேன். கிடைத்தாலும் அந்த உரிமம் வெடியோசையால் விரட்டத்தான் உதவும். விலங்கைச் சுடும் அனுமதியாக அது ஒருபோதும் மாறாது.

விற்பனையாளரோடு நடந்த குறுஞ்செய்தி உரையாடல்களை அழித்துவிடலாமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். அழிக்காதீர்கள். பாகங்களைத் தேர்ந்தெடுத்ததும் விலை விசாரித்ததும் வெறும் ஆயத்தம்தான். இதுவரை நீங்கள் எதையும் மாற்றவில்லை, குழலும் வந்து சேரவில்லை. இந்தத் திட்டத்தைக் கைவிட்டேன், குழல் வேண்டாம் என்று அவருக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நாளை அவர் வேறொரு வழக்கில் சிக்கி அவருடைய கைப்பேசி ஆராயப்பட்டால், உங்களுக்காகப் பேசப்போவது அந்த ஒரு வரிதான். ரத்து ஆணையின் நகலும் முன்பணம் கட்டிய ரசீதும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

ஒருவேளை இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் குழல் வந்துவிட்டால், உறையைப் பிரிக்காமல், பட்டறைக்கு எடுத்துப் போகாமல், அன்றைக்கே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மாமாவைப் பட்டா, அடங்கல் நகல்களோடு கூட்டிக்கொண்டு போனால் அவருடைய விண்ணப்பத்தையும் அங்கேயே தொடங்கிவிடலாம்.