வானத்திலும் ஒரு சோதனைச் சாவடி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாட்களில் பயிற்சி பெற்று, தனியார் விமானி உரிமமும் வாங்கிவிட்டான். சென்ற வாரம் தொலைபேசியில் பேசியபோது, “ராணுவப் பகுதிக்குள்ள புகுந்துதானுங்கப்பா வந்தேன், அரை மணி நேரம் மிச்சமாச்சு” என்று ஏதோ சந்தைக்குப் போய் வந்ததைப் போலச் சொன்னான். அன்றிலிருந்து எனக்கும் அவன் அம்மாவுக்கும் தூக்கமில்லை. இது குற்றமில்லையா? ஊர் திரும்பிய பின் கோவையிலிருந்து சேலத்துக்குச் சிறு விமானத்தில் பறக்க வேண்டும் என்பது அவன் ஆசை. நடுவில் சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறதே, அங்கும் இப்படிப் போய்வர முடியுமா?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தங்கள் மகன் உரியவரிடம் கேட்டுவிட்டு அந்தப் பகுதிக்குள் நுழைந்திருந்தால் அது குற்றமில்லை, கேட்காமல் நுழைந்திருந்தால், அங்கே அப்போது ஒரு குண்டுகூட வெடிக்காமல் இருந்திருந்தாலும் குற்றமாகலாம். எனவே எந்த வழியாக வந்தான் என்பதைவிட, யாரிடம் கேட்டுவிட்டு வந்தான் என்பதை அவனிடம் முதலில் விசாரியுங்கள்.

கோபிக்காரரான தங்களுக்குத் திம்பம் மலைப்பாதையைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். புலிகள் காப்பகத்துக்குள் செல்லும் அந்தச் சாலை மூடப்பட்ட சாலை அன்று. பகலில் வண்டிகள் போகின்றன. இரவில் மட்டும் நீதிமன்ற உத்தரவுப்படி கட்டுப்பாடு இருக்கிறது. பண்ணாரி சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்துகிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் வழி விடுகிறார்கள். கட்டுப்பாட்டு வான்பகுதியும் ஏறக்குறைய இத்தகையதே. அதற்கு எல்லை உண்டு, நேரம் உண்டு, பொறுப்பாளர் உண்டு. ஒரே வேறுபாடு, வானத்தில் குறுக்கே மரக்கட்டை கிடையாது. சாவடி இருப்பதை விமானியே வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, தாமாகவே நின்று கேட்க வேண்டும்.

பன்னாட்டு விதிகள் இத்தகைய வான்பகுதிகளை மூன்றாகப் பிரிக்கின்றன. முதலாவது தடைசெய்யப்பட்ட பகுதி. வாஷிங்டனில் வெள்ளை மாளிகையின் மேலுள்ள வான்வெளியும், டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையின் மேலுள்ள வான்வெளியும் இந்த வகையைச் சேர்ந்தவை. தனியார் விமானி அங்கே போக நினைக்கவே வேண்டாம். இரண்டாவது கட்டுப்பாட்டுப் பகுதி. குறிப்பிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றினால் உள்ளே பறக்கலாம். மூன்றாவது அபாயப் பகுதி. குறிப்பிட்ட நேரங்களில் அங்கே துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சி போன்ற ஆபத்தான காரியங்கள் நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கை அது. 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை, ராணுவத் தேவைக்காகவோ பொதுப் பாதுகாப்புக்காகவோ தன் வான்வெளியின் ஒரு பகுதியைக் கட்டுப்படுத்தும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் இவற்றோடு இன்னொரு வகையும் உண்டு. தங்கள் கவலைக்கு அதுவே மருந்தாக அமையலாம். ‘ராணுவ நடவடிக்கைப் பகுதி’ என்று பெயரிட்டு, எம்.ஓ.ஏ. என்ற எழுத்துகளால் குறிக்கும் பெரும் பரப்புகள் அங்கே ஏராளம். போர் விமானங்கள் பயிற்சி செய்யும் இடங்களேயானாலும், கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளின்படி செல்லும் சிறு விமானத்துக்கு அதனுள் நுழைய முன்னனுமதி தேவையில்லை. எச்சரிக்கையோடு பறந்தால் போதும். வரைபடத்தில் இது கருஞ்சிவப்புக் கோடுகளாலும், கட்டுப்பாட்டுப் பகுதி நீலக் கோடுகளோடு ‘ஆர்’ என்ற எழுத்தாலும் ஓர் எண்ணாலும் குறிக்கப்பட்டிருக்கும். மகன் ‘ராணுவப் பகுதி’ என்று சொன்னது இவற்றில் எது என்று கேளுங்கள். எம்.ஓ.ஏ. என்று பதில் வந்தால் இன்றிரவே நிம்மதியாகத் தூங்கலாம்.

‘ஆர்’ என்று பதில் வந்தால் மேலும் சில கேள்விகள் மிச்சமிருக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து விதிகளின் 91-ஆம் பகுதி, 133-ஆம் பிரிவின்படி, அந்த இடத்தைப் பயன்படுத்தும் அமைப்போ அதைக் கட்டுப்படுத்தும் அமைப்போ அனுமதிக்காத வரை, விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டுக்கு மாறாக யாரும் அதனுள் பறக்கக் கூடாது. பயன்படுத்துவது பெரும்பாலும் ராணுவம். கட்டுப்படுத்துவது வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையம். பல பகுதிகள் இரு தரப்புக்கும் பொதுவானவை. பயிற்சி இல்லாத நேரத்தில் ராணுவம் அந்த வான்வெளியை மையத்திடம் ஒப்படைத்துவிடும். அப்போது தனியார் விமானமும் அதன் வழியே செல்லலாம். பயிற்சி நடந்தால் அந்தப் பகுதி ‘ஹாட்’, நடக்காவிட்டால் ‘கோல்ட்’ என்பது அங்குள்ள விமானிகளின் பேச்சு வழக்கு. வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அட்டவணையில் ஒவ்வொரு பகுதியின் உயர எல்லையும், இயங்கும் நேரமும், கேட்க வேண்டிய மையமும் இருக்கும். புறப்படும் நாளன்று வெளியாகும் ‘நோட்டம்’ என்னும் அறிவிப்பு அந்த நேரத்தை மாற்றியிருக்கவும் கூடும் என்பதால், அட்டவணையை மட்டும் நம்புவது, போன மாதத்துப் பேருந்து நேரத்தை நம்பி நிறுத்தத்தில் நிற்பதைப் போன்றது.

அனுபவம் குறைந்த விமானிகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே உண்டு. பார்வை விதிகளின்படி பறக்கும் விமானத்தை ரேடாரில் கவனித்து, அருகில் வரும் பிற விமானங்களைப் பற்றிச் சொல்லும் உதவியைக் கட்டுப்பாட்டு மையம் கேட்போருக்கு அளிக்கிறது. ‘அவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, தவறான இடத்துக்குள் போனால் சொல்லமாட்டாரா?’ என்று புதியவர்கள் நினைத்துவிடுகிறார்கள். சொல்லக்கூடும், ஆனால் அந்த உதவியே நுழைவு அனுமதி ஆகிவிடாது. எதிர்முனையில் இருப்பவர் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது கல்யாணப் பேச்சுக்குப் பொருந்தலாம், வானொலிக்குப் பொருந்தாது. தம் விமானத்தின் அழைப்புக் குறியைச் சொல்லி, பகுதியின் எண்ணைச் சொல்லி, அது இயங்குகிறதா என்று கேட்டு, தெளிவான பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டியது விமானியின் கடமை. பதில் வரவில்லையென்றால் சுற்றிப் போக வேண்டும், அல்லது மேலே ஏறித் தாண்ட வேண்டும். ஆம், தாண்டலாம்: ஒரு பகுதியின் மேல் எல்லை 6,000 அடி என்றிருந்தால், அதற்குமேல் போதிய இடைவெளி விட்டுப் பறப்பவர் அதனுள் நுழைந்தவர் ஆகமாட்டார். அந்த அடிக்கணக்கு தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா என்பதையும் கவனிக்க வேண்டும். கோயம்புத்தூரே கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,300 அடி உயரத்தில் இருப்பதால், நம் பகுதியில் இந்தக் குழப்பம் விலை உயர்ந்ததாகிவிடும்.

இனி சூலூர். அமெரிக்கப் பழக்கத்தை மகன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே நல்ல வானிலையில், கட்டுப்பாடற்ற வான்வெளியில், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நூறு மைல் பறந்துவிடலாம். இங்கே முறை வேறு. பயணத் திட்டத்தை முன்கூட்டியே பதிவு செய்து, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியோடு, விமானப்படை வழங்கும் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணையும் பெற்றுக்கொண்ட பிறகே வெளியூர்ப் பயணம். முன்னதை ஆங்கில எழுத்துகளால் ஏ.டி.சி. என்பார்கள், பின்னதையும் அப்படியே. ஆங்கிலத்தில் நடு எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்து ஒன்றே ஆனாலும் அனுமதி இரண்டு. ஒன்றைப் பெற்றதால் மற்றது வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பார்வை விதிகளின்படி பறப்பவருக்குப் பகல் வெளிச்சமும் வேண்டும்: சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழிந்த பின், மறுநாள் உதயத்துக்கு இருபது நிமிடம் இருக்கும் வரை, கட்டுப்பாட்டு அறை விலக்களிக்கும் உள்ளூர்ப் பறப்புகளைத் தவிர, பார்வைப் பறப்புக்கு இங்கே இடமில்லை.

கோவையின் பீளமேடு விமான நிலையத்திலிருந்து சூலூர்த் தளம் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம். அங்கே தேஜஸ் போர் விமானங்கள் இயங்குகின்றன. பீளமேட்டிலிருந்து ஓமலூர் அருகிலுள்ள சேலம் விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். புறப்பட்ட சில நிமிடங்களிலேயே சூலூர் வலப்பக்கத்தில் வந்துவிடும். ஆகவே அந்தப் பயணமே இரு தளங்களின் கட்டுப்பாட்டாளர்களும் தமக்குள் பேசி முடிவு செய்யும் காரியம். விமானி செய்ய வேண்டியது, தமக்குச் சொல்லப்பட்ட திசையையும் உயரத்தையும் திருப்பிச் சொல்லி, அதிலிருந்து பிசகாமல் பறப்பது. ‘சற்று வடக்கே சுற்றிப் போ’ என்றால் சுற்றித்தான் போக வேண்டும். பத்து நிமிட எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பதெல்லாம் புறப்படும் முன்பே கணக்கில் சேர்த்திருக்க வேண்டிய செய்தி.

கெடுபிடி எப்போதும் கூடிக்கொண்டேதான் போகும் என்றும் நினைக்க வேண்டாம். இந்திய வான்வெளியில் 60 விழுக்காடு மட்டுமே பயணிகள் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்து, கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய் மிச்சமாகும் என்றார். ராணுவம் பயன்படுத்தாத நேரத்தில் வான்வெளியைப் பிறருக்குத் திறந்துவிடும் முறை நம் நாட்டிலும் படிப்படியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய யோசனையாகத் தோன்றாது. ஆனால் இதன் பலன் முதலில் பெரிய விமானங்களின் நெடுந்தூரப் பாதைகளுக்கே கிடைக்கும். சிறு விமானத்துக்குக் கிடைக்கச் சற்றுக் காலமாகும் என்பது என் கருத்து.

எஞ்சின் நின்றுவிட்டாலோ, உள்ளே தீப்பிடித்தாலோ, விதியை மீறியேனும் உயிரைக் காக்கும் அதிகாரம் விமானிக்கு உண்டு. உடனே ‘மேடே’ என்னும் ஆபத்து அழைப்பை வானொலியில் அறிவித்துவிட வேண்டும். வழிதவறி நுழைந்தவருக்கு அருகில் போர் விமானம் வந்து இறக்கைகளை ஆட்டினால், தாமும் இறக்கைகளை ஆட்டிப் பின்தொடர வேண்டும், 121.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் அவசரகால அலைவரிசையில் பேச வேண்டும். பயந்துபோய்த் திரும்பி ஓடுவதைவிட மோசமான செயல் அப்போது வேறில்லை.

கேள்வி: நான் திருமணப் படம் எடுப்பவன். சூலூரை ஒட்டிய ஒரு மண்டபத்தில் ட்ரோன் பறக்க விடும்படி பெண் வீட்டார் வற்புறுத்துகிறார்கள். நூறடிக்குக் கீழேதான் பறக்கப் போகிறது. விமானிகளுக்குச் சொல்லும் விதி எனக்கும் உண்டா?
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: உண்டு, பெயர் மட்டும் வேறு. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. பச்சையில் 400 அடி வரை முன்னனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டுமே பறக்க விடலாம். அங்கே நூறடி என்ன, பத்தடியும் கணக்கில் சேரும். மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை ‘டிஜிட்டல் ஸ்கை’ என்னும் அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டு முன்பணம் வாங்குங்கள். முகூர்த்தத்தன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் பச்சையாக இருந்த இடத்தையும் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்க விதிகளில் இடமுண்டு.