எல்லோருக்கும் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டால் இனப்பகை குறைந்துவிடுமா?

பள்ளிக்கூடம் பெருகியதால் மட்டும் குறையாது. சில இடங்களில் கூடியும் இருக்கிறது. படிக்காத சனம்தான் அடித்துக்கொள்ளும், எல்லோரையும் அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் இனவாதம் தானாக ஓய்ந்துவிடும் என்ற எண்ணம் உங்கள் கேள்விக்கு அடியில் இருக்கிறது. இலங்கையை வைத்துப் பார்த்தால் அது நிற்காது.

கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல், அங்கே இலவசக் கல்வி வந்தது. 1981 குடிசன மதிப்பீட்டில் எழுத்தறிவு ஏறத்தாழ 87 விழுக்காடு. தெற்காசியாவில் பெரும்பாலான பக்கத்து நாடுகள் கிட்டவும் வர முடியாத அளவு. இரண்டே ஆண்டில் தமிழர்களுக்கு எதிரான 1983 யூலை இனக்கலவரம். அதற்கு முன்பே 1971இல் தெற்கில் ஆயுதம் தூக்கிய சிங்கள இளைஞர்களில் பெரும்பகுதி சுயமொழியில் படித்து வேலை கிடைக்காமல் இருந்தவர்கள். வடக்கிலும் முதலில் கொதித்தது மாணவர் அமைப்புகள்தான்.

ஏன் இப்படி? பள்ளியில் என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்பதைவிட, பள்ளியை விட்டு வெளியே போகும் வாசல் யாருக்கு எவ்வளவு திறக்கிறது என்பதுதான் பகையை ஏற்றவும் இறக்கவும் செய்கிறது. 1970/71 பல்கலைக்கழக அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சையில் நான்கு பாடம், மொத்தம் 400 புள்ளி. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவருக்கு வெட்டுப்புள்ளி 227. தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250. மருத்துவத்துக்கு 229, 250. அதாவது ஒரே வினாத்தாளுக்கு இரண்டு பேர் 240 எடுத்தால் ஒருவர் பொறியியலாளர், மற்றவர் வீட்டில். மொழிமூலத்தைப் பார்த்துப் புள்ளியை ஏற்றி இறக்கும் ‘தரப்படுத்தல்’ என்ற கொள்கையின் தொடக்கம் இதுதான். பிறகு 1973இல் மொழிமூல வாரியாகப் புள்ளிகளைச் சமன் செய்தார்கள். 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது.

மாவட்ட ஒதுக்கீட்டையும் தரப்படுத்தலையும் ஒன்றாகப் போட்டுத் திட்டுவது வழக்கம். என் கணக்கில் இரண்டும் வேறு. நல்ல ஆய்வுகூடம் இல்லாத மட்டக்களப்பு, மன்னார் போன்ற தமிழ் பேசும் மாவட்டங்களுக்கும் மாவட்ட ஒதுக்கீட்டால் பலன் உண்டு. யாழ்ப்பாணத்தோடு கொழும்பும் இடம் இழந்தது. ஆனால் மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி போட்டதற்கு அந்த நியாயமும் கிடையாது. யாழ்ப்பாணத்துக்கோ படிப்புத்தான் வயல். அரச உத்தியோகத்தை விட்டால் வேறு பிழைப்பு குறைவு. அந்த வயலில் வரப்பை நகர்த்தினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

இன்றைய முறையில் இசட் புள்ளி மொழிமூலம் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதே கணக்கு. பெரும்பாலான பீடங்களுக்கு 40 விழுக்காடு அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 மாவட்ட அடிப்படையில், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. (அதிலும் சறுக்கல் உண்டு. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டக்காரர்களை ஒரே தொகுதியாகக் கலந்து கணக்கிட்டு, மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது.)

அடுத்தது மொழிமூலம். தாய்மொழிக் கல்வி நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் சிங்களமும் தமிழும் ஒரே வளவில் உள்ளவை மிகச் சில. முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை மற்ற இனத்துப் பிள்ளை ஒருவரோடும் ஒரு பெஞ்சில் உட்காராமலே முடித்துவிடலாம்.

ஒரே வளவு என்றாலும் போதாது. பொசுனியாவில் ‘ஒரே கூரை, இரண்டு பள்ளி’ என்ற ஏற்பாடு உண்டு. பொசுனியாக் (பொசுனிய முஸ்லிம்) பிள்ளைகளும் குரோவத் பிள்ளைகளும் ஒரே கட்டடத்துக்கு வருவார்கள், ஆனால் தனித்தனி வாசலில் அல்லது தனித்தனி நேரத்தில், தனித்தனிப் பாடத்திட்டத்தோடு. வரலாற்றுப் பாடத்துக்குப் பெயரே ஒரு பக்கம் ‘ஹிஸ்தோரியா’, மறு பக்கம் ‘பொவியெஸ்த்’. வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்துப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் கலப்புப் பள்ளிகள் 1981இல் 28 பிள்ளைகளோடு லாகன் கல்லூரியில் தொடங்கின. நாற்பது ஆண்டு கழிந்தும் அவற்றில் படிப்பவர்கள் நூற்றில் ஏழெட்டுப் பேர்தான். குடியிருப்பே பிரிந்து கிடக்கும்போது பள்ளியை மட்டும் கலப்பது அவ்வளவு கடினம்.

பாடநூலைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ் மன்னன் எல்லாளன், அவனைப் போரில் வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு பற்றிய பாடத்தைத் திறந்து ஒன்றே ஒன்று பாருங்கள்: வீழ்ந்த எல்லாளனுக்குச் சமாதி கட்டி, அதை வழிபட வேண்டும் என்று துட்டகைமுனு கட்டளையிட்டதாகவும், அதனால் அந்த இடத்தை நெருங்கும் இலங்கை அரச குமாரர்கள் வாத்தியத்தை நிறுத்துவதாகவும் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சமே சொல்கிறது. அந்த வரிக்கு வகுப்பில் எவ்வளவு நேரம், போருக்கு எவ்வளவு நேரம்?

உருப்படியாகப் பலன் தரக்கூடியது இரண்டாம் மொழிப் பாடம்: தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களம், சிங்களப் பிள்ளைக்குத் தமிழ். கெடுவதும் இங்கேதான். பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆறு பாடம் கட்டாயம், மூன்று தொகுதிகளிலிருந்து தலா ஒன்று தெரிவு. இரண்டாம் மொழி தெரிவில் கிடப்பதால், பத்தாம் வகுப்பில் பிள்ளைகள் அதைக் கைவிட்டுப் புள்ளி வரும் வேறு பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். கட்டாயமாக்கினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆசிரியர் இல்லாமல் கட்டாயமாக்கினால் அந்தப் பாடவேளை, அன்று ஓய்வாக இருக்கிற ஏதோ ஓர் ஆசிரியர் கையில் போய் விழும். பிள்ளை எழுத்தைப் பார்த்து எழுதும், வாய் திறந்து ஒரு வசனம் பேசாது. முதலில் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை எதிர்ப்பக்கப் பாடசாலைகளுக்கு நியமிக்க வேண்டும், அவர்களுக்குத் தங்குமிடமும் இடமாற்ற உத்தரவாதமும் கொடுக்க வேண்டும், பரீட்சையில் பேச்சுக்குப் புள்ளி வைக்க வேண்டும். கட்டாயம் என்பது இவற்றுக்குப் பிறகு.