கம்பி நுழையும் இடத்தில் நீர் கசிந்தால்

அப்பாவின் முழங்காலுக்குக் கீழே, எலும்பைப் பிடித்து நிறுத்தத் தோல் வழியே பொருத்திய கம்பிகளைச் சுற்றி நீர் கசிகிறது, தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பஞ்சு வைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டையும் நிறுத்துவது பற்றி இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். பெராக்சைடு புதிதாக வளரும் திசுவையும் அரிக்கும். பஞ்சு இழை கம்பியில் சுற்றிக்கொண்டு அழுக்கைப் பிடித்துவைக்கும். பிரிட்டனில் பல மருத்துவமனைகள் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைத்து, இழை உதிராத துணியால் கட்டி, வாரம் ஒரு முறைதான் பிரிக்கின்றன; கட்டு நனைந்தால் மட்டும் முன்பே மாற்றுகிறார்கள்.

முக்கியமானது, கட்டு தோலை இலேசாக அழுத்தி நிற்க வேண்டும். தோல் கம்பியோடு ஓயாமல் உரசுவதாலும் நீர் கசியும்; அந்த அசைவை அடக்கினாலே பெரும்பாலும் குறைந்துவிடும். தெளிந்த நீர் கொஞ்சம் வந்தால் பதற வேண்டாம். சீழ், பரவும் சிவப்பு, கூடும் வலி, காய்ச்சல், கம்பி ஆடுவது, இவற்றில் எது தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.