புதிய இயந்திரம் வாங்காமல் உற்பத்தியைக் கூட்ட முடியுமா?

ஆட்களையும் இயந்திரங்களையும் கூட்டாமல் ஒரு சிறு பட்டறையின் உற்பத்தித் திறனை உயர்த்த முடியுமா, முடியும் என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஒரு ஜாப், அதாவது ஒரு வகை உதிரிபாகத்தின் வேலை, முடிந்து அடுத்த ஜாப் ஏறும் வரை இயந்திரம் நிற்கும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். கோவையில் பம்பு உதிரிபாகங்களை ஜாப் ஆர்டருக்குக் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு தொழிலகத்தில் 14 ஆண்டுகளாக, முதலில் சிஎன்சி லேத் எனும் கணினிவழிக் கடைசல் இயந்திரத்தை ஒவ்வொரு ஜாபுக்கும் தயார் செய்யும் செட்டராகவும் பிறகு மேற்பார்வையாளராகவும், வேலை செய்து வருவதால் நேரில் கண்டதை வைத்தே எழுதுகிறேன்.

உற்பத்தி போதவில்லை என்றதும் நாங்கள் முதலில் கை வைத்தது வெட்டு வேகத்தில்தான். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் வேகத்துக்கும் கருவியின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்கப் பொறியாளர் எஃப். டபிள்யூ. டெய்லர் நூறாண்டுகளுக்கு முன்பே சமன்பாடாக எழுதி வைத்துவிட்டார். அதன்படி, உலோகத்தை வெட்டும் மாற்றக்கூடிய முனையான சாதாரண கார்பைடு இன்ஸர்ட்டில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. இன்ஸர்ட் செலவு கூடியது, அதை மாற்றுவதற்காக இயந்திரம் அடிக்கடி நின்றது, மாத முடிவில் அனுப்பிய பீஸ்களின் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது.

அதன் பிறகுதான் ஒரு நாள் காலையில் நோட்டும் கைக்கடிகாரமுமாக ஓர் இயந்திரத்தின் அருகிலேயே நின்றேன். பம்பு ஷாஃப்ட் (சுழல் தண்டு) முடிந்து ஃபிளாஞ்ச் (இணைப்புக்கான வட்டத் தட்டு) ஏற வேண்டிய நாள் அது. கடைசி ஷாஃப்ட் வெளியே வந்தது 9.40 மணிக்கு, அளவு சரியாக இருந்த முதல் ஃபிளாஞ்ச் வந்தது 11.55 மணிக்கு. இந்த 135 நிமிடங்களில் செட்டரின் கை இயந்திரத்தின் மேல் இருந்தது சுமார் 50 நிமிடங்கள்தான். மீதி நேரத்தில் அவர் பீஸைப் பிடிக்கும் தாடையான சாஃப்ட் ஜாவைத் தேடினார், பக்கத்து இயந்திரத்துக்குப் போன ஆலன் கீயை வாங்கி வந்தார், ஸ்டோரில் ஆள் இல்லாததால் இன்ஸர்ட்டுக்காக இரண்டு முறை நடந்தார், முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷன் அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நிமிடம்கூட அவர் சும்மா உட்காரவில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவரை இன்னும் வேகமாக ஓடச் சொல்லியிருந்தால் அது அநியாயமாக இருந்திருக்கும், பயனும் இருந்திருக்காது.

இதே காட்சியை 1950-இல் ஹிரோஷிமாவில் மஸ்தா வாகனங்களைத் தயாரித்த ஆலையில் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ கண்டார். தகட்டை அழுத்தி வடிவமாக்கும் 800 டன் பிரஸ் ஒன்றில் டை எனும் அச்சை மாற்றும்போது ஒரு போல்ட் குறைந்தது. அதைத் தேடிப் போன தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்து வந்தார். அதுவரை பிரஸ் நின்றது. இயந்திரம் நின்றால் மட்டுமே செய்யக்கூடிய வேலை வேறு, அது ஓடும்போதே செய்து வைக்கக்கூடிய வேலை வேறு என்ற பிரிவினை அவருக்கு அங்கேதான் தெளிவானது. 1969-இல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸுக்கு நான்கு மணி நேரம் பிடித்த டை மாற்றம் முதலில் 90 நிமிடங்களுக்கும், பிறகு 3 நிமிடங்களுக்கும் இறங்கியது இந்தப் பிரிவினையால்தான்.

நாங்கள் செய்தவை மிக எளியவை. அடுத்த ஜாபுக்கான ஜா, இன்ஸர்ட், கீ, அளவு பார்க்கும் கேஜ், வரைபடம் அனைத்தும் முந்தைய ஜாப் ஓடும்போதே ஒரு தள்ளுவண்டியில் இயந்திரத்தின் அருகில் வந்துவிட வேண்டும். எல்லா ஜாபுக்கும் பொதுவான டூல்களை, அவற்றைத் தாங்கும் சுழல் தலையான டரட்டில் அதே இடத்திலேயே விட்டுவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஆஃப்செட் எடுக்கும் வேலை, அதாவது டூல் முனையின் இடத்தை அளந்து பதியும் வேலை, இதனால் மிச்சமாயிற்று. சாஃப்ட் ஜாவை மட்டும் முழுவதுமாக வெளியே கொண்டுபோக முடியாது, அதை லேத்தின் சுழலும் பிடிப்பானான சக்கில் பூட்டித்தான் கடைய வேண்டும். ஆனாலும் மூன்று ஜாக்களுக்கும் எண் பொறித்து, சக்கில் உள்ள அதே பல்லில் அதே இடத்தில் பூட்டினால், லேசாக ஒரு கட் எடுத்தாலே மையம் சரியாகிவிடுகிறது. மூன்று மாதங்களில் 135 நிமிடங்கள் 55 ஆயிற்று.

இதன் பலன் பட்டறைக்குள் மட்டும் நிற்பதில்லை. ஜாப் மாற்றத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும்வரை, 100 பீஸ் ஆர்டருக்கு 500 கடைந்து வைப்பதே லாபம் என்று தோன்றும். மீதி 400-ம் தொட்டியில் முடங்கிய பணமாகக் கிடக்கும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இங்கே அப்படியே பொருந்துகிறது: பட்டறைக்குள் 1,200 பீஸ்கள் கிடந்து, நாளொன்றுக்கு 100 வெளியே போனால், ஒரு பீஸ் உள்ளே இருக்கும் காலம் சராசரியாக 12 நாட்கள், கிடப்பதை 600 ஆக்கினால், யாரும் அவசரப்படாமலேயே அது 6 நாட்களாகிவிடும். 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம் சிறு தொழில்களுக்குத் தர வேண்டிய தொகைக்கு விதித்திருக்கும் அதிகபட்ச 45 நாள் கெடு, வாங்குபவர் சரக்கை ஏற்ற பிறகே ஓடத் தொடங்குகிறது. உள்ளே கிடக்கும் நாட்கள் அனைத்தும் நம் கைப்பணத்தில் கழியும் நாட்கள்.

கற்பித்தலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பாதியில் நின்றுவிடும். எங்கள் செட்டர் விடுப்பு எடுத்தால் இயந்திரமும் விடுப்பில் இருந்தது, ஏனெனில் வேலை அவர் கையில் மட்டுமே இருந்தது. 1940-இல் அமெரிக்காவில் தொடங்கி, போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற தொழிலகப் பயிற்சித் திட்டம் ஒன்றில், கற்பவரைத் தயார் செய்வது, காரணத்தோடு செய்து காட்டுவது, அவரையே செய்ய வைத்து விளக்கச் சொல்வது, பிறகும் கவனித்து வருவது என்று நான்கு படிகள் உண்டு. ஐடிஐ முடித்து வந்த ஒரு பெண்ணுக்கு அந்த முறையில் ஜா மாற்றக் கற்றுக்கொடுக்கும்படி செட்டரிடம் கேட்டோம். மூன்றாம் முறை காட்டும்போதுதான், பீஸைப் பிடிக்கப்போகும் அதே அழுத்தத்தில் வைத்துத்தான் ஜாவைக் கடைய வேண்டும் என்பதை செட்டர் வாய்விட்டுச் சொன்னார். "அண்ணா, இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை?" என்று அந்தப் பெண் கேட்டார். சொல்ல வேண்டிய ஒன்று என்று செட்டருக்கே தோன்றியதில்லை. கை தானாகவே செய்துகொண்டிருந்தது. அழுத்தம் மாறினால் மெல்லிய ஃபிளாஞ்சின் துளை வட்ட வடிவத்தை இழக்கும். எங்கள் பழைய ரிஜெக்‌ஷன்கள் பலவற்றுக்குக் காரணம் அதுதான் என்பது அன்று தெரிய வந்தது.

ஆகவே ஒரே ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நேரத்தைக் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பை நீங்கள் எழுதாமல் செட்டரையே எழுதச் சொல்லுங்கள். தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டால் உண்மையான நேரம் உங்களுக்குக் கிடைக்காது. எங்கள் பட்டறையில் முதல் பீஸுக்கான இன்ஸ்பெக்‌ஷன் காத்திருப்பு இன்னும் 15 நிமிடங்கள் இருக்கிறது. கேஜை இயந்திரத்தின் அருகிலேயே வைத்து, அளந்து பார்க்கும் பொறுப்பையும் ஆபரேட்டரிடமே கொடுக்கும் வேலையில் இப்போது இறங்கியிருக்கிறோம்.