அடைப்புக்குறிக்குள் ஒரு மனைவி

கேள்வி: இரண்டு வருடமாக நான் வீகன். பால், நெய், முட்டை எதையும் தொடுவதில்லை. இந்தப் பூமி தாங்காது என்பதுதான் காரணம். போன வருடத்திலிருந்து மனைவியும் (இப்போது ஆறாம் மாதம், கால்தான் அடிக்கடி மரத்துப்போகிறதாம்) என்னோடு சேர்ந்துகொண்டார். இருவரும் தினமும் ஸ்பைருலினா என்ற பாசியை எடுக்கிறோம். மாமியார் மட்டும், "பால் இல்லாமல் பிள்ளை எப்படித் தேறும்?" என்று போனிலேயே சண்டை போடுகிறார். அவருக்கு அறிவியலை எப்படிப் புரியவைப்பது?
– வாசகர், வயது 31

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நாலு பக்கம், மேலே இருப்பது சுருக்கம். மாடு வெளிவிடும் மீத்தேன் வாயுவுக்கு ஒரு பக்கம், நிலத்துக்கு ஒரு பக்கம், மாமியாருக்கு ஒன்றரைப் பக்கம். மனைவிக்கு ஓர் அடைப்புக்குறி. கர்ப்பமும் அதற்குள்ளேதான், மரத்துப்போகிற காலும் அதற்குள்ளேதான். கணவன்மார் கடிதங்களை எத்தனையோ வருடமாகப் படிக்கிறேன். விஷயம் எப்போதும் இப்படி ஓர் ஓரத்தில்தான் கிடக்கும்.

மாமியார் இருக்கட்டும். அந்தக் கால் எப்போதிலிருந்து மரத்துப்போகிறது? கேட்டீர்களா?

கர்ப்பத்தில் கால் மரத்துப்போக வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் ஒரு வருடமாகப் பாலும் முட்டையும் தொடாதவருக்கு முதலில் பார்க்க வேண்டியது பி12 என்ற வைட்டமின். அதைச் செடியும் செய்வதில்லை, மாடும் செய்வதில்லை, பாக்டீரியாதான் செய்கிறது. கல்லீரல் அதைச் சேர்த்துவைத்து வருடக்கணக்கில் செலவழிக்கும். "எனக்கு இரண்டு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நீங்கள் முன்பு குடித்த பாலின் மிச்சமாக இருக்கலாம். உங்கள் மனைவியின் கையிருப்பிலோ இப்போது இன்னோர் உயிர் பங்கு கேட்கிறது. ஸ்பைருலினா இதற்கு உதவாது. அதில் இருப்பது பெரும்பாலும் பி12 மாதிரி வேஷம் போடும் வேறொன்று. நம் உடம்புக்கு அது பயன்படாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கர்ப்பிணிகள் போடும் ஃபோலிக் ஆசிட் மாத்திரை அவசியம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பி12 குறைவால் வரும் ரத்தசோகையை அது சரிக்கட்டிவிடும். ஹீமோகுளோபின் ரிப்போர்ட் அழகாக இருக்கும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கும். நாள் கடத்தினால் அந்தச் சேதம் முழுசாகச் சரியாகாமலும் போகலாம். தாயிடம் பி12 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை, நாலைந்து மாதத்தில் சுணங்கலாம். முகம் பார்த்துச் சிரித்தது சிரிக்காது, நின்ற கழுத்து தொய்யும். அப்போது மீத்தேன் கணக்கு ஞாபகம் வருமா?

நாளைக்கே டாக்டரிடம் போங்கள். கூடப் போங்கள். வீகன் உணவு என்பதையும் கால் மரத்துப்போவதையும் வாய்விட்டுச் சொல்லி, ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.6 மைக்ரோகிராம், பால் கொடுக்கும்போது 2.8. கண்ணுக்கே தெரியாத அளவு. குறைவு இருந்தால் ஈடுகட்ட எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். "செயற்கை மாத்திரை" என்று மூன்றாம் பக்கத்தில் முகம் சுளித்திருக்கிறீர்கள். அந்தப் பி12ஐயும் தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள். கேப்ஸ்யூல் கூடு, விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா என்று மட்டும் லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கொள்கைக்குக் கீறல் விழாது. நீங்களும் ஒன்று போடுங்கள்.

பூமி விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பூர், நெமசெக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரத்தை வைத்து 2018இல் ஒரு கணக்குப் போட்டார்கள். உலகம் முழுக்க இறைச்சி, பால், முட்டையை விட்டுவிட்டால் விவசாயத்துக்கு வேண்டிய நிலம் 76 சதவீதம் குறையும் என்றார்கள். சாப்பாடும் பிரச்சினை இல்லை. பருப்பும் சோயாவும் ஒழுங்காகச் சாப்பிட்டால் புரதம் வந்துவிடும். கால்சியம் சேர்த்த சோயாப் பால் இருக்கிறது. இரும்புச்சத்துக்கு, சாப்பிட்டவுடன் டீ, காபி வேண்டாம். அயோடின் உப்பை மாற்றாதீர்கள். யோசித்துச் செய்தால் நடக்கிற காரியம்தான்.

"சேர்ந்துகொண்டார்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அவராக முடிவெடுத்தாரா, வீட்டில் இரண்டு சமையல் எதற்கு என்று ஒத்துப்போனாரா? புருஷன் எதை விட்டாலும் கூடவே தானும் விட்டுவிடுகிற பெண்களை நிறையப் பார்த்தவள் நான். கொள்கையை உங்கள் உடம்பில் எவ்வளவு வேண்டுமானாலும் நடத்துங்கள். பிள்ளை சுமக்கிறவரின் தட்டில் என்ன இருக்கவேண்டும் என்பதை அவர்தான் சொல்லவேண்டும், நீங்கள் வாங்கிவந்து வைக்கவேண்டும். பழைய காலத்துப் பேச்சு என்றால் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் மாமியாருக்குப் பி12 என்ற பெயர் தெரியாது, தெரிந்த பெயரைச் சொல்கிறார். மகளுக்கு ஏதோ குறைகிறது என்பது மட்டும் போன் வழியாகவே அவருக்குப் புரிந்திருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிற உங்களுக்குப் புரியவில்லை. ரிப்போர்ட் வந்ததும் முதல் போன் அவருக்கு. நீங்களே பேசுங்கள்.

அடுத்த கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும். ஒரு பக்கம் போதும்.